பதறாத பிள்ளை

விடுதியின் சின்னப் பிள்ளை ஹுஸ்னியாவின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தபோது நான் கதவோரம் நின்று, என் யூனிபோமை இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் கூடி நின்று அழுதார்கள். இழுப்பு வந்தால் அவள் வாயில் அடிக்கும் மருந்துப் பம்ப் என் சட்டைப்பையில் இருந்தது.

கஜந்தியின் கட்டிலில் இப்போது நீங்கள் படுப்பதால் உங்களிடம் சொல்கிறேன், சனூஸா அக்கா.

விடுதிக்கு ஒரு மாணவத் தலைவி வேண்டியிருந்தது. விடுதியைப் பார்க்கும் றோஸ் மிஸ் எனக்கும் கஜந்திக்கும் குணத்தை அறியும் கேள்விகள் தந்தார். நான் அமைதியான ரகம் என்று வந்தது. கஜந்தி பதறும் ரகம். ஆனாலும் மிஸ், "தாளில தெரியாது பிள்ளையள், வேலையில பாப்பம்" என்று ஆளுக்கொரு கிழமை, ஏழேழு நாள், பொறுப்புத் தந்தார். முதல் கிழமை எனக்கு.

சின்னப் பிள்ளைகளின் மருந்துகள் போட்ட தகரப் பேணி அந்தக் கிழமைத் தலைவியிடம்தான் இருக்கும். என் கிழமை முடிந்து, ஞாயிறு மத்தியானம் கஜந்தியிடம் பேணியை ஒப்படைக்கும்போது ஹுஸ்னியாவின் பம்பை மட்டும் எடுத்துக்கொண்டேன். கஜந்தி திறந்துகூடப் பார்க்கவில்லை. "நீ தந்தா எல்லாம் சரியாத்தான் இருக்கும் நதீஷா" என்றாள்.

நான் கெடுதல் நினைக்கவில்லை. பிள்ளைக்கு மூச்சு முட்டும், கஜந்தி கத்திக் குழறிக்கொண்டு ஓடுவாள், மிஸ் பார்ப்பார், நான் பம்பைத் தேடி எடுத்ததுபோலக் கொடுப்பேன். அவ்வளவுதான்.

அடுத்த நாள் பின்னேரமே இழுப்பு வந்தது. கஜந்தி குழறவில்லை. பேணியைக் கொட்டித் தேடினாள். பிறகு ஹுஸ்னியாவை நிமிர்த்தி இருத்தி, முதுகைத் தடவி, "மெல்ல, என்ர செல்லம், என்னோட சேந்து மூச்சு விடு" என்றாள். றொமேஷ் அண்ணாவின் ஆட்டோவுக்கு ஆள் அனுப்பினாள். என்னிடம், "பம்பைக் கண்டனியா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்லை" என்றேன். அவள் பதறட்டும் என்று இன்னும் காத்திருந்தேன்.

பிள்ளை உயிரோடு ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. அவளைப் பெற்ற வாப்பா குறிஞ்சாக்கேணியிலிருந்து வந்து, அவளுடைய செருப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். பேணி கஜந்தியின் பொறுப்பு என்பதால் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மிஸ் என்னைத் தலைவியாக்கினார்.

பம்பைத் துறைமுகத்தில் எறிந்துவிட்டேன். ஆனாலும் படுத்தால் கட்டிலுக்குக் கீழே ஹுஸ்னியாவின் அந்த விசில் மூச்சு கேட்கிறது; கஜந்தி சொல்லிக்கொடுத்த மாதிரியே, மெல்ல மெல்ல.

ஒரு தரம் அவள் கத்தியிருந்தால் நான் கொடுத்திருப்பேன், அக்கா. அன்றைக்கென்று கஜந்தி ஏன் பதறாமல் இருந்தாள்?