நாற்பத்தொன்றும் பச்சை

எழிலரசி மேடம், முதலில் ஒரு நன்றி. மதியம் ஸ்டேஷனுக்கு வரவழைத்துக் கொடுத்த பிரியாணி பிரமாதம். கத்திரிக்காயில் மட்டும் புளி கொஞ்சம் ஜாஸ்தி. விசாரணைக்கு வந்தவனிடம் இன்னொரு பீஸ் வேண்டுமா என்று கேட்கும் இன்ஸ்பெக்டரை நான் எதிர்பார்க்கவில்லை. நடந்ததை என் கைப்படவே எழுதித் தரச் சொன்னீர்கள். சந்தோஷமாக எழுதுகிறேன், எனக்கும் எதையும் முறையாக எழுதி வைத்தால்தான் திருப்தி.

என் பெயர் சூரியபிரகாஷ். வேலூர் பக்கம் இருக்கும் எங்கள் பல்கலைக்கழகத்தின் இணையதளப் பொறுப்பாளர். நான் வேலைக்குச் சேர்ந்தபோது நாற்பத்தொரு துறைகள், நாற்பத்தொரு வெப்சைட்டுகள், ஆளாளுக்கு ஒரு கோலம். தாவரவியல் துறையில் ஒரு கிளி திரையின் குறுக்கே பறந்துகொண்டே இருக்கும். அது ஒதுங்கும்வரை காத்திருந்துதான் பாடத்திட்டத்தைப் படிக்க வேண்டும். வரலாற்றுத் துறை மூன்று வருடமாக ஒரே பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது. கணிதத் துறையின் தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் குறைவு. அதைச் சொன்னபோது துறைத் தலைவர் என்னிடம் ஒரு மாதம் பேசவில்லை.

இவை அனைத்துக்கும் பொதுவாக ஒரே அமைப்பு, ஒரே தரநிலை என்று திட்டமிட ஒரு குழு போட்டார்கள். புதன்கிழமை தோறும் கூடுவோம். சமோசா தீரும்வரை எல்லோரும் ஒத்துப்போவார்கள், அதன்பிறகு சண்டை. இரண்டு வருடம் இழுத்து ஒரு வழியாக முடிவானது. ஒரே எழுத்துரு. பச்சை, சாம்பல் என்று இரண்டே நிறங்கள். எல்லாத் துறைக்கும் ஒரே தொலைபேசி எண், அது என் மேசையில் ஒலிக்கும். திருத்தம் வேண்டுமென்றால் படிவம் நிரப்ப வேண்டும், வரிசைப்படி நான் செய்து கொடுப்பேன். என் வாழ்க்கையில் நான் பெருமைப்பட்ட ஒரே காரியம் அதுதான் மேடம், என் கல்யாணத்தைக்கூட அதற்கு அடுத்ததாகத்தான் சொல்வேன்.

நாற்பது துறைகள் வழிக்கு வந்துவிட்டன. வராதது சுற்றுச்சூழல் துறை. அங்கே பில்கிஸ் என்று ஓர் உதவிப் பேராசிரியர். அவரும் மாணவர்களும் சனிக்கிழமை தோறும் ஆம்பூர் பக்கம் போய், தோல் பதனிடும் ஷெட்டுகளைச் சுற்றியிருக்கும் தெருக்களில் அடிபம்புத் தண்ணீரைச் சோதிப்பார்கள். ஒவ்வொரு பம்பிலும் பெயிண்டால் எண் எழுதியிருப்பார்கள். அன்று சாயங்காலமே துறையின் வெப்சைட்டில் முடிவு வந்துவிடும். எண், அதன் பக்கத்தில் ஒரு வட்டம். சிவப்பென்றால் குடிக்காதே, பச்சையென்றால் குடி. வேறு ஒரு வார்த்தை கிடையாது. ஷூ கம்பெனி வேலைக்குப் போகும் பெண்கள் போனில் அதைப் பார்த்துவிட்டுத்தான் குடத்தை எடுப்பார்களாம்.

எங்கள் தரநிலையில் சிவப்பு இல்லை. அதோடு, நிறத்தை மட்டும் நம்பி ஒரு தகவலைச் சொல்லக் கூடாது, எழுத்திலும் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி உண்டு. உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட நல்ல விதி அது, பார்வைக் குறை உள்ளவர்களுக்காக வந்தது. பில்கிஸிடம் விளக்கினேன். அவர் என் அறையில் உட்காரக்கூட இல்லை.

"எழுத்தும் போடுங்க சார், வேணாம்னு சொல்லல. ஆனா சிவப்ப எடுக்காதீங்க. அந்தம்மாங்கள்ல பாதிப் பேரு எழுத்தப் பாக்க மாட்டாங்க, கலரத்தான் பாப்பாங்க" என்றார்.

அவர் சொன்னது சரி. விதியும் அவர் சொன்ன மாதிரிதான் இருந்தது, எடுத்துப் பார்த்தேன். அந்தப் பக்கத்துக்கு மட்டும் விலக்குத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதை நம்பி அவர் தங்கை கல்யாணத்துக்கு ஹைதராபாத் போய்விட்டார்.

திங்கட்கிழமை திறப்பு விழா. துணைவேந்தர் மேடையில் பட்டனை அழுத்துவார், பின்னால் பெரிய திரையில் எத்தனை துறைகள் தரநிலைக்கு வந்தன என்ற எண் ஓடும். காலையில் ஒத்திகை பார்த்தேன். நாற்பதில் போய் நின்றது. எனக்கு மூன்று வழிகள் இருந்தன. சிவப்பை அப்படியே விட்டால் நாற்பது. பக்கத்தையே தற்காலிகமாக எடுத்துவிட்டாலும் நாற்பது. வட்டங்கள் எல்லாவற்றையும் பச்சையாக்கி, சிவப்பாக இருந்தவற்றின் கீழே சாம்பல் எழுத்தில் 'அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல்' என்று போட்டால் நாற்பத்தொன்று. எழுத்து கொஞ்சம் சிறியதுதான், ஆனால் தரநிலை சொன்ன அளவு.

நாற்பத்தொன்று வந்தபோது அரங்கமே கைதட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

செவ்வாய்க்கிழமை பில்கிஸ் போனில் பார்த்துவிட்டுப் படிவம் அனுப்பினார். வரிசையில் ஏழாவது. முன்னால் இருந்த ஆறும் புகைப்படம் மாற்றச் சொன்னவை. புதன்கிழமை அவரே கூப்பிட்டார். மழையில் பதினான்காம் எண் பம்பில் சாக்கடை கலந்திருக்கிறதாம், மாணவர்கள் சொன்னார்கள், பக்கத்தையாவது எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினார். ஒருவருக்காக வரிசையைத் தாண்டினால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள் என்று பொறுமையாகச் சொன்னேன். அவர் தங்கையின் கல்யாணத்தைப் பாதியில் விட்டு ரயில் ஏறியது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அன்று மத்தியானமே இன்னொரு அழைப்பு. ராஜம்மாள் என்று பெயர் சொன்னார், பதினான்காம் எண் பம்பு அவர் வீட்டு வாசலில் இருக்கிறதாம். நாலு மாதமாக அது சிவப்பு. ஹைவேயைத் தாண்டிப் போய்த்தான் குடம் சுமந்துகொண்டிருந்தார்.

"பதினாலு பச்ச ஆயிட்ச்சே சார். மெய்யாலுமே நல்ல தண்ணியா? பொண்ணு ஸ்கூல் விட்டு வந்தா அதுலயே புடிச்சிக் குடுக்கலாமா?"

குரலில் அப்படி ஒரு சந்தோஷம். சாக்கடை விஷயம் அப்போது எனக்குத் தெரியும், மேடம். பில்கிஸ் சொல்லி இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. ஆனால் தளத்தில் ஒன்று, போனில் ஒன்று என்று இரண்டு பதில் சொல்லக் கூடாது என்பதும் எங்கள் தரநிலை. அதை எழுதியதே நான்தான்.

"வெப்சைட்டுல இன்னா இருக்குதோ அதான்மா கரெக்ட்டு" என்றேன்.

அவர் நல்லா இருங்க சார் என்று வாழ்த்திவிட்டு வைத்தார்.

வெள்ளிக்கிழமை அந்தத் தெருவில் முப்பத்தொரு பேருக்கு வாந்தி பேதி. முப்பது பேர் வீடு திரும்பிவிட்டார்கள். திரும்பாதது ராஜம்மாளின் பெண் தமிழினி, நாலாம் வகுப்பு. செய்தி வந்தபோது பில்கிஸின் படிவம் மூன்றாவது இடத்துக்கு வந்திருந்தது. நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி.

வேண்டுமென்றே செய்தாயா என்று கேட்டீர்கள். ஆமாம், ஒவ்வொன்றும் தெரிந்துதான் செய்தேன். ஆனால் அந்தக் குழந்தை மேல் எனக்கு என்ன கோபம்? நான் ராஜம்மாளிடம் பொய்கூடச் சொல்லவில்லை.

ஒரே ஒரு வருத்தம். நேற்று பில்கிஸைக் கொண்டு அந்தப் பக்கத்தை மறுபடி சிவப்பாக்கியிருக்கிறீர்கள், எண்ணிக்கை நாற்பதுக்கு இறங்கிவிட்டது. பரவாயில்லை மேடம், கடவுச்சொல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஜாமீன் கிடைத்ததும் முதல் வேலையாகச் சரிசெய்துவிடுகிறேன்.