தானாக நிறுவப்படாத குரல்

அன்று காலை மழை பெய்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஜொகூர் பாருவில் ஒரு மழை இன்னொன்றோடு கலந்துவிடுகிறது. மற்றவை சரியாக நினைவிருப்பதாக நம்புகிறேன். அதிலும் சந்தேகம் உண்டு.

எங்கள் அலுவலகம் தோட்டங்களுக்கு ஆம்புலன்ஸ் அனுப்புகிறது. கணினிகளில் என்னென்ன நிறுவப்பட வேண்டும் என்று முடிவு செய்வது என் வேலை. சில நிரல்கள் இல்லாமல் எதுவும் ஓடாது. சில இருந்தால் நல்லது. இவ்விரு வகையும் தாமாகவே நிறுவப்படும். எஞ்சியவற்றை வேண்டியவர் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரல் தொகுப்பு, இருந்தால் நல்லது என்ற வகையில் இருந்தது. அதைக் கேட்டுப் பெறும் வகைக்கு மாற்றினேன். தொகுப்பு பெரியது, கணினிகள் பழையவை, பயன்படுத்துபவர் ஒருவர்தான் என்று கணினிக் குழுவுக்கு எழுதினேன். ஒன்றும் பொய்யில்லை. வார இறுதிக்குள் யாரும் மறுத்து எழுதாவிட்டால் சம்மதம் என்று கொள்வது எங்கள் வழக்கம்.

அந்த ஒருவர் கெர்ட்ரூட். கண் தெரியாதவர். தோட்டங்களிலிருந்து வரும் செய்திகளைக் கேட்டு ஆம்புலன்ஸ் அனுப்புபவர். என் பக்கத்து மேசை. ஒரு காதில் எப்போதும் தொலைபேசி என்பதால் கணினியை ஒலிபெருக்கியில் பேச விடுவார். அந்தத் தட்டையான குரல் நாள் முழுவதும் ஓயாது. எனக்கு வாசிக்கப் பிடிக்கும். யாரும் பேசாத அறை பிடிக்கும். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்துக்கு அவர் விடுப்பில் போனபோது அந்தக் குறிப்பை அனுப்பினேன். தற்செயல் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். தற்செயல் அல்ல.

யாரும் மறுக்கவில்லை; வார இறுதிப் புதுப்பிப்பில் அந்தத் தொகுப்பு நீங்கியது. திங்கட்கிழமை அவர் திரும்பி வந்தார்.

"அண்ணே, இது வாயே திறக்க மாட்டேங்குது லா."

"ஈஸ்டர் முடிஞ்சும் அதுக்கு நோன்பு முடியல போல, அக்கா," என்றான் கணக்குப் பிரிவு ஜெயபாலன்.

"உன் வாய்க்கு நோன்பு வெச்சா ஆபீஸே நல்லா இருக்கும், போடா."

சிரித்துக்கொண்டே அவன் சாப்பிடக் கீழே போனான்.

"அப்டேட் ஆயிருக்கும்மா. பார்க்கிறேன்," என்றேன்.

"அதுவரைக்கும் மெசேஜ் வந்தா படிச்சுச் சொல்லுங்கண்ணே."

"சொல்றேன்."

பிறகு அறை அமைதியானது. எத்தனையோ காலத்துக்குப் பின் புத்தகத்தில் ஒரு பக்கத்தை இடையூறில்லாமல் வாசித்தேன். நிமிர்ந்தபோது அவர் திரையில் செய்தி இருந்தது. பண்டார் தெங்காரா தோட்டம், ஐயாசாமி, நெஞ்சு வலி, மூச்சு வாங்குகிறது. முழுவதும் படித்தேன். வாயைத் திறந்தால் அந்த அமைதி போய்விடும். இந்தப் பக்கம் முடியட்டும் என்று நினைத்தேன். பிறகு அந்த அத்தியாயம். கெர்ட்ரூட் என் பக்கம் முகத்தைத் திருப்பிக் காத்திருந்தார்.

"ஒண்ணும் வரலையாண்ணே?"

"இல்லம்மா."

மதியத்துக்கு மேல் தொகுப்பை நிறுவினேன். ஒரே கட்டளைதான். குரல் முதலில் அந்தச் செய்தியைத்தான் வாசித்தது. அது பாதி வாசிக்கும்போதே கெர்ட்ரூடின் கை தொலைபேசியைத் தேடியது.

ஆம்புலன்ஸ் போய்ச் சேர்வதற்குள் ஐயாசாமி இறந்துவிட்டார். அவர் மனைவி ராசம்மா மகளோடு இருக்கிறார். செய்தியைக் கவனிக்கத் தவறியதாகச் சொல்லி கெர்ட்ரூடை வேலையிலிருந்து நீக்கினார்கள். பாலோ என்ற ஊரில் தங்கை வீட்டில் இருக்கிறார். ஜெயபாலன் சிங்கப்பூரில் வேலை தேடிக்கொண்டான். கெர்ட்ரூடின் மேசைக்குப் புதிதாக வந்தவருக்குக் கண் தெரியும், அதிகம் பேசமாட்டார். நான் யாரையும் ஒரு கடுஞ்சொல்கூடச் சொன்னதில்லை.