மக்கீன் வாய் வைத்த கோப்பை

தேத்தண்ணிக்குப் பெரிய உபகாரம், இன்ஸ்பெக்டர் ஐயா. கோப்பைய மட்டும் இன்னொருக்காக் கழுவித் தரச் சொல்லுங்க. குறையா நெனக்க வேணாம், சின்னதுல இருந்தே நான் அப்படித்தான்.

மக்கீனுக்கும் எனக்கும் கெலிஓயாவுல அடுத்தடுத்த கடை. மலேரியாக் காய்ச்சல் ஓய்ஞ்சதும் தோட்டத்துத் துரைமார் மகாவலியில திரும்ப வள்ளப் போட்டி வச்சாங்க. ஒரு வள்ளத்துக்கு ரெண்டு ஆள். நான்தான் அவனைக் கூப்பிட்டேன். அவனுக்கு நீந்தத் தெரியாது. "நீ இருக்கிற எடத்துல எனக்கென்ன பயம், மஹ்மூத்?"னு சொல்லிட்டு ஏறினான். நல்ல மனுசன்தான், அதை நான் மறுக்கல்ல.

ஆனா போட்டிக்காக ஒவ்வொரு நாள் காலையிலயும் வள்ளத்துல அவனுக்குப் பின்னுக்கு இருந்து துடுப்புப் போட்டுப் பழகினவன் நான். கழுத்து மடிப்புல படர்தாமரை. அதைச் சொறிவான், சொறிஞ்ச நகத்தை அப்படியே வாயில வச்சுக் கடிப்பான். வெத்திலையைக் குதப்பிக் குதப்பி ஆத்துல துப்புவான். எதிர்க்காத்துக்கு அந்தச் சாறு சாரலா என்ட முகத்துல வந்து விழும். சீ, இப்பவும் முகத்தைத் துடைக்கத் தோணுது. "மன்னிச்சிக்க மச்சான்"னு திரும்பிச் சிரிப்பான். பல்லெல்லாம் காவி.

இவனுக்குத்தான் என்ட தங்கச்சி ஜெஸீமாவை வாப்பா பேசி முடிச்சிருந்தாங்க. பெருநாள் கழிஞ்சு நிக்காஹ். நான் அவள்கிட்ட எடுத்துச் சொன்னேன். "வெத்தில சப்பாத ஆம்புள இந்த ஊர்ல யாரு இருக்கிறாங்க?"னு வெக்கப்பட்டுச் சிரிச்சாள். கல்யாணச் சாரிக்கு ஜரிகை வச்சுத் தச்சுக்கிட்டிருந்தாள். பாவம், அவளுக்கு அருவருப்புன்னா என்னன்னே தெரியல்ல. அவளுக்கும் சேத்து நான்தான் அருவருப்புப் பட வேண்டியதாப் போச்சு.

அன்டைக்குக் காலையில பழகப் போனப்ப, ஆறு வளைஞ்சு குடா மாதிரி ஆழமா நிக்கிற எடத்துல களைப்பாற வள்ளத்தை நிப்பாட்டினோம். போத்தல்ல கொண்டு போன வெறுந்தேத்தண்ணிய என்ட கோப்பையில ஊத்தினேன். கேக்காமலே வாங்கிக் குடிச்சான். விளிம்புல செவப்பா ஒட்டியிருந்ததை விரலால வழிச்சிட்டு மிச்சத்தை என்கிட்ட நீட்டினான்.

"குடி மச்சான். இனி ஒரே குடும்பம்தானே."

அந்தக் கையாலதான் என்ட தங்கச்சிக்குச் சோறு ஊட்டுவான்னு நெனச்சேன். அதுக்கு மேல நெனக்க ஒண்டும் இருக்கல்ல. ஒரு பக்கமாச் சாஞ்சேன், வள்ளம் கவுந்திச்சு. அவன் என்ட கையைப் புடிச்சான். வழவழன்னு இருந்திச்சு, உதறிட்டேன். பிறகு கவுந்த வள்ளத்துல தொத்திக்கிட்டுத் துடுப்பை நீட்டினேன். என்னை நம்பி ரெண்டு கையாலயும் புடிச்சான். நல்லாப் புடிக்கட்டும்னு பாத்திருந்து கீழ அமத்தினேன். குமிழி அடங்குற வரைக்கும் அமத்திக்கிட்டே இருந்தேன். அவன் கெடந்த தண்ணி வேணாம்னு கொஞ்சம் மேல்பக்கமாப் போய்த்தான் கை கால் கழுவினேன்.

ஊரே விபத்துன்னு நம்பிச்சு. வாப்பா என்னைக் கட்டிப் புடிச்சு, நீயாவது தப்பினியே மகன்னு அழுதாங்க. ஜெஸீமா சோறு தண்ணியில்லாம மூலையில சுருண்டு கெடந்தாள். பாத்துக்கிட்டிருக்க மனசு கேக்கல்ல. உண்மை தெரிஞ்சா எழும்பிருவாள்னு அவளுக்கு மட்டும் சொன்னேன். ஒன்ட நல்லதுக்குத்தான் செஞ்சேன் தங்கச்சின்னு சொன்னேன்.

அவள் அழல்ல, ஐயா. மெதுவா எழும்பினாள். நான் தண்ணி குடிச்சு வச்ச கோப்பையைச் சீலைத் தலைப்பால சுத்தி, கை படாம எடுத்தாள். கழுவக்கூட இல்ல. கொல்லையில கல்லுல அடிச்சு உடைச்சாள். அந்தச் சீலையையும் மாத்தி அடுப்புல போட்டுட்டு நேரே நடந்து ஒங்கட ஸ்டேசனுக்கு வந்திருக்கிறாள்.

பாத்தீங்களா ஐயா, கடைசியில என்ட தங்கச்சியும் சுத்தம்னா என்னன்னு படிச்சிட்டாள்.