கறுப்பு வட்டத்துக்கு அர்த்தம்

எனக்குப் படம் பார்க்கிற பழக்கமே கிடையாது சார். இடைவேளைக்கு முன்பே தூங்கிவிடுகிற ஆள். அப்படிப்பட்டவன் ஒரு நாலு நிமிஷப் படத்தை நாற்பது தடவைக்கு மேல் பார்த்தேன்.

எடுத்தவள் அமுதவல்லி, என் கொழுந்தியாள். சென்னையில் அனிமேஷன் படித்துவிட்டு எங்கள் ஊர் வல்லத்திராக்கோட்டைக்கு லேப்டாப்போடு வந்திருந்தாள். அவள் அக்கா பொன்னுத்தாய்தான் என் சம்சாரம். இரண்டு வருஷத்துக்கு முன் தோட்டத்துக் கிணற்றில் தவறி விழுந்து செத்தாள். ஊருக்கே தெரியும்.

படத்தில் ஆள் இல்லை, பேச்சு இல்லை. ஒரு கறுப்பு வட்டம். மேலிருந்து வெள்ளைக் கோடு ஒன்று நெளிந்து இறங்கும். கூடவே ஒரு சிவப்புப் புள்ளி. கோடு அறுந்ததும் புள்ளி வட்டத்துக்குள் விழும். வட்டம் நடுங்கி அடங்கும்.

"இது என்ன புள்ள?"

"கதை தேடாதீங்க மச்சான். கோடு போற போக்குல கண்ணை விடுங்க. ஒங்களுக்கு என்ன தோணுதோ, அதான் படம்."

எனக்குத் தோன்றியதை அவளிடம் சொல்ல முடியுமா சார்? கயிறு வெள்ளை நைலான். சேலை சிவப்பு. அன்று பொன்னுத்தாய் ஆத்தா வீட்டுக்கே போவதாகப் பெட்டி கட்டியிருந்தாள். போவதற்கு முன் கிணற்றில் விழுந்த வாளியை எடுத்துக் கொடு என்றேன். இறங்கினாள். கயிறு என் கையில் இருந்தது. விட்டேன்.

படத்தைப் போனில் வாங்கி வைத்துக்கொண்டேன். வட்டத்தை நிலா என்று நினைத்துப் பார்த்தேன், வண்டிச் சக்கரம் என்று நினைத்துப் பார்த்தேன். கிணறாகவே வந்தது.

"வட்டத்தை நீலமாக்கிடு அமுதா" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"கறுப்புதான் எடுப்பு மச்சான். வெள்ளிக்கிழமை டவுன்ல, காலேஜ்ல போடுறோம். நீங்கதான் முன்வரிசை."

முன்வரிசை. ஊரைக் கூட்டி என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறாள் என்று புரிய அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

வியாழக்கிழமை சித்தன்னவாசல் ஓவியத்தைப் பார்க்கணும் என்றாள். பைக்கில் கூட்டிப் போனேன். பாறை விளிம்பில் கைப்பிடிக் கம்பி முடிகிற இடத்தில் போட்டோவுக்கு நிற்கச் சொன்னேன். நின்றாள். தள்ள ஒரு கை போதும்.

இப்போது ஸ்டேஷனில் உட்கார வைத்து அவள் நோட்டைப் படித்துக் காட்டுகிறீர்கள். வட்டம் தோசைக்கல். கோடு மாவு. புள்ளி மிளகாய்ப்பொடி. தலைப்பு, 'அக்கா ஊற்றிய தோசை'.

இருக்கட்டும் சார். பாவம், எடுத்தவளுக்கே அது புரியவில்லை. சரியாகப் புரிந்துகொண்டவன் நான் ஒருத்தன்தான். இன்னொரு தடவை போடுங்கள், காட்டுகிறேன்.