என்ஜினில் கோளாறு இல்லை

டீ ஆறுகிறது, குடித்துவிடுங்கள். உங்கள் அண்ணன் இவாகிரியைப் பற்றிக் கேட்க இவ்வளவு தூரம் ரயிலில் வந்திருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

கியூஷு தீவின் தென்கோடியில் கடற்படை விமானதளம். நான் குண்டுவீச்சு விமானி, அவர் என் விமானத்தின் மெக்கானிக். போரின் கடைசி வசந்தத்தில் வந்த உத்தரவு எளியது: ஒகினாவா வரை போய், அமெரிக்கக் கப்பல்மீது விமானத்தோடு மோத வேண்டும். திரும்பி வர ஒரே காரணம்தான் செல்லும், என்ஜின் கோளாறு.

கிளம்புமுன் செம்பயறுச் சோறும் ஒரு கிண்ணம் சாக்கே மதுவும் தருவார்கள். சாகப்போகிறவனுக்கான விருந்து. நான் அதை மூன்று முறை சாப்பிட்டேன். மூன்றாவது முறை சமையல்காரர் கொஞ்சம் குறைத்துத்தான் வைத்தார்.

முதல் இரண்டு முறையும் யாகுஷிமா தீவைத் தாண்டியதும் எனக்கு என்ஜின் கெட்டது. விமானியைச் சந்தேகிப்பது மரியாதையில்லை. அதனால் மெக்கானிக்கை அறைவார்கள்.

"நட்டு முடுக்கத் தெரியாதவனுக்கு என்னடா சோறு?" என்றார் படைத்தலைவர். உங்கள் அண்ணனுக்குப் பல் ஒன்று போயிற்று. மூன்று நாள் தூங்காமல் என்ஜினைப் பிரித்துப் பூட்டினார்.

"தரையில பூனை மாதிரி உறுமுது ஐயா. உங்களக் கண்டாத்தான் அதுக்கு வெக்கம் போல."

நானும் சிரித்தேன்.

மூன்றாம் முறை, கோளாறைக் கையோடு பிடிக்கிறேன் என்று அனுமதி வாங்கி, காலியாக இருந்த பின் இருக்கையில் அவரே ஏறினார். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். எல்லோரும் வரிசையில் நின்று தொப்பியை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். பேச்செடுக்கக் கூச்சமாக இருந்தது.

யாகுஷிமா தாண்டியதும், "சத்தம் சரியில்ல," என்றேன்.

"எனக்கு நல்லாத்தானே கேக்குது ஐயா."

என் தோளுக்கு மேலாக எட்டி, மீட்டர் முட்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"சரி, திருப்புங்க ஐயா," என்றார் கடைசியில். "என் தப்புன்னு நானே சொல்லிக்கிறேன். எனக்கும் ஊர்ல ஒரு தங்கச்சி இருக்கா."

குண்டைக் கடலில் போட்டுவிட்டுத் திரும்பினோம். சொன்னபடியே சொன்னார். படைத்தலைவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

மறுநாள் விடியலில், செய்த தப்புக்கு ஈடாக, இன்னொருவர் விமானத்தின் பின் இருக்கையில் அவரை ஏற்றினார்கள். அங்கே அவருக்கு ஒரு வேலையும் இல்லை. அந்த விமானி திரும்பி வரும் ரகமும் இல்லை. வரிசையில் நின்று நானும் தொப்பியை ஆட்டினேன்.

'மனமுவந்து சென்றார்' என்று உங்கள் வீட்டுக்கு வந்த கடிதம் நான் எழுதியது. எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும்.

உங்கள் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை, மன்னியுங்கள். ஆனால் ஒன்று மட்டும் நம்புங்கள். நான் பழி போட்டதெல்லாம் என்ஜின்மேல்தான். உங்கள் அண்ணனை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.