கூரை போட்ட பாலம்

“பாலத்துக்குப் போய் எவனாவது கூரை போடுவானா?”

ஆம்பூர் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த பாய் இப்படிக் கேட்டார். பக்கத்தில் இருந்தவரின் கழுத்தில் ஷூ கம்பெனி அடையாள அட்டை தொங்கியது.

“போட்டிருக்காங்க பாய். எங்ககிட்ட ஷூ வாங்குற வெளிநாட்டு பையர் வீடியோ கால்ல காட்டுனாரு. அவரு ஊர்ல பழைய மரப்பாலம், மேல வீடு மாதிரி கூரை. மரம் மழையில ஊறிடக் கூடாதுன்னு போட்டதாம். உங்க ஊர்லயும் இருக்கான்னு கேட்டாரு.”

“இல்லன்னு சொல்ல வேண்டியதுதான?”

“பையர்கிட்ட எவன் இல்லன்னு சொல்லுவான்? எஸ் சார்னுட்டேன். பழக்கதோஷத்துல, எத்தன வேணும் சார்னும் கேட்டுட்டேன்.”

“யா அல்லா!”

“திங்கக்கிழம கேமராவோட வர்றாரு.”

பாய் யோசித்தார். “ஸ்டேஷன்ல ஆளுங்க ஏறிப் போற பாலத்தக் காட்டு. மேல ஷீட் இருக்குதே.”

“அது இரும்பு பாய். நான் மரம்னு சொல்லிட்டேன்.”

பஸ் பாலாற்றுப் பாலத்தில் ஏறியது. கீழே பொட்டுத் தண்ணீர் இல்லை, மணல்தான். பாலத்தின் நிழலில் நாலு பேர் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இங்கயே கூட்டியா. உங்க ஊர்ல பாலத்துக்குக் கூரை, எங்க ஊர்ல பாலமே கூரைன்னு சொல்லிடு.”

அட்டைக்காரரின் முகம் தெளிந்தது. அதற்குள் போன் அடித்தது. பெயரைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

“எஸ் சார்... எஸ் சார்... ஷ்யூர் சார்.”

“இன்னாவாம்?”

“ஆத்துல படகுல போய், கீழ இருந்து போட்டோ எடுக்கலாமான்னு கேட்டாரு பாய்.”