அஞ்சு மிஷின் கணக்கு

கமலம்: மூணாவது மிஷின் அணைஞ்சு கெடக்குது விழி, பாத்தியா?

வேல்விழி: பாத்தேன்க்கா. பரவால்ல. அதோட பங்கை மத்த நாலும் பிரிச்சு எடுத்துக்கும்.

கமலம்: யாரு சொல்லி?

வேல்விழி: நான்தான் புரோகிராம் எழுதி வெச்சிருக்கேன். ஒண்ணு பதில் சொல்லலைன்னா காத்துக்கிட்டு நிக்காத, வேலையை அடுத்ததுக்குக் குடுன்னு.

கமலம்: அதுங்க நெசமாவே பேசிக்குதா?

வேல்விழி: ம். எர்லாங்னு ஒரு கம்ப்யூட்டர் மொழிக்கா. ஒண்ணு வெச்சிருக்கிறதை இன்னொண்ணு தொட முடியாது. கடுதாசி மட்டும் போட்டுக்கலாம்.

கமலம்: நானும் எம் மவனும் மாதிரி... போனோட சரி.

வேல்விழி: அன்பரசன் எப்ப வர்றாரு?

கமலம்: ஞாயித்துக்கெழம. வேன் கொண்டாரானாம். இந்த பிரௌசிங் சென்டரைக் காலி பண்ணி, அஞ்சு மிஷினையும் ஏத்தி, என்னையும் சென்னைக்கு... அதுக்குள்ள முடிஞ்சுருமா உன் கணக்கு?

வேல்விழி: முடியாதுன்னுதான் நெனைக்கிறேன்.

கமலம்: தெனமும் கேக்குறேன், தெனமும் இதையே சொல்ற! ஒரு சூளைக்கு ரெண்டு மாசக் கணக்கா?

வேல்விழி: தர்மராஜ் அண்ணன் சூளையில பீங்கான் கப்பெல்லாம் ஆறும்போது விரிசல் வுடுதுல்ல? எந்தச் சூட்டுல எவ்ளோ நேரம் நிறுத்தி ஆறவைக்கணும்... ஆயிரக்கணக்குல வழி இருக்குது. ஒவ்வொண்ணாப் போட்டுப் பாக்கணும். ஒண்ணோட விடைக்கு இன்னொண்ணு காத்திருக்க வேணாம், அதான் அஞ்சுக்கும் பிரிச்சுக் குடுத்தேன்.

கமலம்: அதுவரைக்கும் பெங்களூர் ஆபீஸ்ல வுட்டுருவாங்களா? லீவுன்னு சொன்னியே...

வேல்விழி: ம்.

கமலம்: எத்தனை மாச லீவு?

வேல்விழி: டீ சொல்லட்டுமாக்கா?

கமலம்: பேச்சை மாத்தாத. நேத்து மார்க்கெட்டுல உங்கம்மாவைப் பாத்தேன். பொண்ணு உங்க கடையிலேருந்துதான் ஆபீஸ் வேலை பாக்குதுன்னாங்க.

வேல்விழி: ஐயோ... நீங்க என்ன சொன்னீங்க?

கமலம்: ஆமா, தலை நிமிர நேரமில்லைன்னேன்.

வேல்விழி: ஆபீஸே இல்லக்கா. பொங்கலுக்கு முன்னாடி நாப்பது பேரை அனுப்பிட்டாங்க. அதுல நானும். காலைல ஒம்பது மணிக்கு எங்கியாச்சும் கெளம்பிப் போவணும்... இல்லன்னா வூட்டுல கேப்பாங்க.

கமலம்: சரி, சரி. கண்ணைத் தொடைச்சுக்க. யாரும் வரல... வர்றதுக்கும் யாருமில்ல.

வேல்விழி: இன்னொண்ணு.

கமலம்: சொல்லு.

வேல்விழி: கணக்கு... முடிஞ்சிருச்சு. பதினெட்டு நாளாச்சு. அதையேதான் மறுபடி மறுபடி ஓட்டிக்கிட்டு இருக்கேன். எத்தனை தடவை ஓட்டுனாலும் அதே விடைதான் வருது.

கமலம்: தெரியும்.

வேல்விழி: என்னது?

கமலம்: போன வாரமே தர்மராஜ் இங்க வந்துட்டுப் போனாரு, நீ சாப்பிடப் போயிருந்தப்ப. பொண்ணு எழுதிக் குடுத்த மாதிரியே ஆறவெச்சேன், ஒரு கப்புகூட விரியலைன்னு அவ்ளோ சந்தோசம்.

வேல்விழி: அப்புறம் எதுக்குக்கா தெனமும் முடிஞ்சுதா, முடிஞ்சுதான்னு கேட்டீங்க?

கமலம்: இல்லைன்னு நீ சொல்லணும்னுதான். அன்பரசன் போன மாசமே வரேன்னான். ஒரு பொண்ணோட வேலை பாதியில நிக்குதுன்னு நான்தான் தள்ளிப்போட்டேன்... அங்க அவனும் மருமவளும் காலைல பூட்டிக்கிட்டுப் போயிட்டா, அவங்க திரும்பி வர்ற வரைக்கும் எனக்கு வாய் தெறக்க ஆளில்ல விழி.